கணபதி ஸ்தபதியின் வாழ்வும் சிற்பப் பயிற்சியும்

திருக்கோணமலையின் வரலாற்றிலே 1622ஆம் ஆண்டு துயரந் தோய்ந்த ஓர் ஆண்டாகும். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அவ்வாண்டிற் கைப்பற்றி இடித்தான். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. அக்கோட்டையே பின்னர் பிரெடெரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. அழிவுக்குத் தப்பிய சில திருமேனிகள் மண்ணுள்ளே மறைந்து கிடந்தன. 1950ஆம் ஆண்டிலே நகரப் பகுதியிற் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஏறக்குறைய முந்நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் மண்ணிற் கிடந்தும் அவற்றின் முகப்பொலிவு குன்றவில்லை. அவயவங்களின் அளவமைதியும் கெடவில்லை. 1963ஆம் ஆண்டிலே புதுப்பிக்கப்பட்ட கோயிலுக்குக் குடமுழுக்கும் நிகழ்ந்தது.

இவ்வரலாறு ஒரு வினாவை எழுப்புகின்றது. புதைந்த திருமேனி மண்ணிலிருந்து மீளலாம். அதனைச் செய்த கையும், அக்கையை நடத்திய அறிவும் அழியுமாயின் அவை எவ்வாறு மீளும்? திருமேனிகளை வார்த்தவர் யார் என்பது எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்தம் பயிற்சி தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கும் வாய்மொழியாலும் கைப்பழக்கத்தாலும் சென்ற ஒன்று. அச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுமாயின் மீண்டும் இணைத்தல் அரிது. கோணேசர் கோயிலுக்கு மட்டுமன்றி, நகருக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த சல்லி என்னும் சிற்றூரின் முத்துமாரியம்மன் கோயில் போன்ற ஊர்க்கோயில்களுக்கும் இவ்வினா பொருந்தும். புதுத் திருமேனி வேண்டும் ஊர் எதுவாயினும், அளவறிந்த ஒரு கையை நாடியே தீரவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டிலே இச்சங்கிலி அறாதவாறு காக்க முயன்றவருள் முதன்மையானவர் வை. கணபதி ஸ்தபதி. அவர் ஈழத்தவர் அல்லர்; எனினும் ஈழத்துக் கோயிற் சிற்பம் எம்மரபின் கிளையோ, அம்மரபின் அடிமரமே அவர் பிறந்த குலம். ஆதலின் அவர் கற்ற முறையையும் கற்பித்த முறையையும் ஆராய்வது ஈண்டுப் பொருத்தமுடையதாகும்.

பிறப்பும் குலமரபும்

கணபதி ஸ்தபதி 1927ஆம் ஆண்டிலே பாண்டிநாட்டுப் பிள்ளையார்பட்டியிற் பிறந்தார். காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் அண்மையிலுள்ள இவ்வூர், குன்றைக் குடைந்து செய்த குகைக் கோயிலாற் புகழ்பெற்றது. பாறையிலேயே செதுக்கப்பட்ட கற்பக விநாயகர், இரு கைகளும் வலஞ்சுழித் துதிக்கையும் உடையவராய் அங்கே வீற்றிருக்கின்றார். அவ்வூர்ப் பெருமானின் திருநாமத்தையே தாங்கிய சிறுவனுக்கு, தன் குலத் தொழிலின் மிகப் பழைய பாடநூல் வீட்டுக்கு அருகிலேயே கல்லில் எழுதப்பட்டிருந்தது எனலாம்.

தந்தையார் வைத்தியநாத ஸ்தபதி சிற்பத்தில் வல்லவர். வடமொழிச் சிற்ப நூல்களிலும் பயிற்சி உடையவர். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த பெருந்தச்சரின் வழியினர் தாம் என்பது அக்குடும்பத்தார் போற்றிவந்த மரபு. அக்கோயிற் கல்வெட்டிலே வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் காணப்படுகின்றது. ஆயிரம் ஆண்டுக் குடிவழியை ஆவணங்கொண்டு நிறுவுதல் எளிதன்று. ஆயினும், தம்மை ஒரு பெருங்கோயிலின் வழித்தோன்றல்களாக எண்ணி வாழ்ந்த குடும்பம் தன் மைந்தனுக்கு எத்தகைய கடமையுணர்வை ஊட்டியிருக்கும் என்பது ஊகித்தற்கு அரியதன்று.

அக்காலச் செட்டிநாட்டின் நிலையும் கருதத்தக்கது. பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் வாணிகஞ் செய்த நகரத்தார், ஈட்டிய பொருளின் ஒரு பகுதியைப் பழைய சிவாலயங்களைப் புதுப்பிக்கச் செலவிட்டனர். கொழும்பிலும் அவர்கள் கதிர்வேலர்க்குக் கோயில்கள் எடுத்தனர். அரசரின் ஆதரவு மறைந்த பின்னர்ச் சிற்பியின் உளி ஓயாதிருந்தமைக்கு இத்திருப்பணிகள் ஒரு முக்கிய காரணமாகும். கடல் கடந்த வாணிகம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தளர்ந்தபோது, அதனை நம்பியிருந்த சிற்பக் குடும்பங்களும் தளர்ச்சியுற்றன. இத்தளர்ச்சிக் காலத்திலேதான் கணபதி இளைஞராக வளர்ந்தார்.

பட்டறைக் கல்வி

சிற்பக் குடியிற் பிறந்த சிறுவனின் கல்வி உருவத்தில் தொடங்குவதன்று, உளியில் தொடங்குவது. மழுங்கிய உளியை உலையிற் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூராக்குதல் முதற்பாடம். தோய்ச்சல் மிகுந்தால் முனை ஒடியும், குறைந்தால் மடியும். இரும்பின் நிறத்தைக் கண்டு பதம் அறியும் பழக்கம் கைவந்த பின்னரே கல்லைத் தொட விடுவர். பின்னர்க் கல்லைச் சமப்படுத்தல், நூல்பிடித்துக் கோடிடல், தாமரை இதழும் கொடிக்கருக்கும் வெட்டுதல் எனப் பாடம் விரியும். கையும் காலும் அதன்பின், முகம் ஈற்றில். கண்திறத்தல் தலைமைச் சிற்பியின் உரிமை.

கல்லின் இயல்பறிதலும் இக்கல்வியின் பகுதியே. தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிக்கும் கல்லை ஆண்கல் என்றும், மென்மையான ஒலியுடையதைப் பெண்கல் என்றும், ஒலி இல்லாததை அலிக்கல் என்றும் சிற்பியர் வகுத்தனர். தெய்வத் திருமேனிக்கு ஆண்கல்லும், தேவியர் திருமேனிக்கும் பீடத்துக்கும் பெண்கல்லும், அடித்தளத்துக்கு அலிக்கல்லும் உரியன என்பது அவர்தம் வழக்கு. இதனை வெறும் நம்பிக்கை எனத் தள்ளுதல் ஆகாது. உள்வெடிப்புள்ள கல் தெளிவாக ஒலிக்காது. பல திங்கள் உழைத்த பின்னர் உருவம் பிளவுறாமற் காக்கும் சோதனை அதனுள் அடங்கியுள்ளது.

இவற்றுக்கு மேலாக, சிறுவன் மனனஞ் செய்யவேண்டியவை தியான சுலோகங்களும் அளவு வாய்பாடுகளுமாகும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் எத்தனை கை, எக்கையில் எப்படை, எந்நிலை என்பதைத் தியான சுலோகம் கூறும். அவ்வுருவின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு என்பதைத் தாளமானம் கூறும்.

தாளமானம் என்னும் கணக்கு

சிற்ப நூலார் பேரளவு ஒன்றைக் கொண்டு தொடங்குவதில்லை. எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம். பன்னிரண்டு அங்குலம் ஒரு சாண். இருபத்து நான்கு அங்குலம் ஒரு முழக்கோல். இது கட்டடத்துக்குரிய அளவு. உருவச் சிற்பத்துக்கோ அளவு அவ்வுருவத்துள்ளிருந்தே பிறக்கின்றது. செய்யப்படும் திருமேனியின் முழு உயரத்தையும் வகுத்த பகுதிகளே அதன் அங்குலங்கள். இவற்றை நூல்கள் தேகலப்தாங்குலம் என வழங்கும்.

சிவன், திருமால், பிரமன் ஆகியோர்க்கு உரியது உத்தம தசதாளம். இதில் முழு உயரம் 124 பகுதிகள். உச்சி முதல் நெற்றி மயிரெல்லை வரை 4, முகம் பதின்மூன்றரை, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு பதின்மூன்றரை, மார்பிலிருந்து உந்தி பதின்மூன்றரை, உந்தியிலிருந்து குறி பதின்மூன்றரை, தொடை 27, முழந்தாள் 4, கணைக்கால் 27, பாதத்தின் உயரம் 4. இவற்றைக் கூட்டின் 124 ஆகும். தேவியர்க்கு மத்திம தசதாளமும் அதன்படி 120 பகுதிகளும் உரியன. பிள்ளையார்க்கும் குழந்தை உருவங்களுக்கும் பஞ்சதாளம் முதலிய குறுகிய அளவுகள் கூறப்படும்.

இக்கணக்கின் நுட்பம் யாதெனின், முகமும் மார்பும் உந்தியும் ஒரே அளவினவாயும், தொடையும் கணைக்காலும் அதன் இருமடங்காயும், கழுத்தும் முழந்தாளும் பாதமும் தம்முள் ஒத்தனவாயும் அமைதலேயாம். இசையிலே தாளம் மீண்டும் மீண்டும் வந்து விழுவதுபோல, ஓரளவு உடல் முழுதும் மீண்டு வருகின்றது. ஒரு சாண் உயரமுள்ள உற்சவத் திருமேனிக்கும் கோபுரம் ஒத்த பேருருவத்துக்கும் இவ்விகிதம் மாறாது. சுவாமிமலைச் சிற்பியர் திருமேனியின் உயரத்துக்குத் தென்னையோலை நறுக்கு ஒன்றை வெட்டி, அதனை மடித்து மடித்து இப்பகுதிகளைக் குறித்துக்கொள்வர். எண்ணறியாதவனும் பிழையின்றி அளக்க வல்ல கருவி அவ்வோலை.

இதனால் எல்லா உருவமும் ஒன்றுபோல் இருக்கும் என்று கருதற்க. சமபங்கம், அபங்கம், திரிபங்கம், அதிபங்கம் என நிற்கும் நிலைகள் வேறுபடுகையில், உச்சியிலிருந்து தொங்கும் நடுநூல் உடலை எங்கெங்கே தொடும், எங்கெங்கே விலகும் என்பது மாறும். அவ்விலகலிலேதான் சிற்பியின் திறம் விளங்கும். அளவு எலும்புக்கூடு போன்றது. அதன்மேல் உயிர்ப்பை ஏற்றுவது கையின் தவம்.

ஈழத்திலும் இத்தகைய பயிற்சி நிலவியதை ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் எடுத்துக் காட்டினார். சிங்களச் சிற்பியரும் சாரிபுத்திரம் என்னும் அளவு நூலைப் போற்றினர். கண்டிப் பகுதியிற் கைவினைஞர் குடிகள் ஆதரவின்றி அருகுவதைக் கண்டு அவர் வருந்தி எழுதியவை, தமிழகத்துச் சிற்பக் குடிகளுக்கும் பொருந்துவனவே.

கல்லூரிக் கணிதம்

கணபதி பட்டறையோடு அமையவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947ஆம் ஆண்டிற் காரைக்குடியில் நிறுவிய கல்லூரியிலே கணிதம் பயின்று பட்டம் பெற்றார். குலத்தொழில் செய்வோன் ஆங்கிலக் கல்வி பெற்றால் அரசாங்க அலுவலை நாடுவதே அக்கால வழக்கம். கற்ற மைந்தன் உளியைக் கைவிடுவதனால் அறுந்த மரபுகள் பல. இவர் பட்டம் பெற்ற பின்னரும் பழநித் தேவஸ்தானத்திலே ஸ்தபதியாகப் பணிபுரிந்தார். தந்தை மனனமாகக் கற்பித்த வாய்பாடுகளை வடிவகணிதத்தின் மொழியில் விளங்கிக்கொள்ளவும், பிறர்க்கு விளக்கவும் அக்கல்வி அவருக்குத் துணையாயிற்று.

அதே காலத்திலே சென்னையில் வேறொரு சிற்பக் கல்வி செழித்திருந்தமையும் ஒப்புநோக்கத்தக்கது. 1850ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளிக்கு 1929 முதல் 1957 வரை தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைவராக விளங்கினார். மனித உடலை நேரிற் பார்த்துக் களிமண்ணில் வனைந்து, அச்செடுத்து, வெண்கலத்தில் வார்ப்பது அவர் முறை. மெரினாக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையிலே நால்வர் பெரும்பாறையை நெம்புகின்றனர். அவர்தம் நரம்பும் தசையும் புடைத்து நிற்கின்றன. ஸ்தபதியின் திருமேனியிலோ தசையும் நரம்பும் தோன்றா. மூச்சால் நிறைந்த உடல் மட்டுமே தோன்றும். முன்னையது கண்ட உடலைச் செய்கின்றது. பின்னையது கருதிய உடலைச் செய்கின்றது. இரண்டும் கடும் பயிற்சியின் பயன்களே. ஆயினும் முன்னையதற்குக் கல்லூரி இருந்தது. பின்னையதற்குத் தந்தையின் திண்ணையன்றி வேறிடம் இருக்கவில்லை.

மாமல்லபுரத்துப் பள்ளி

இக்குறை 1957ஆம் ஆண்டில் நீங்கத் தொடங்கியது. தமிழக அரசு மாமல்லபுரத்திலே சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவி வைத்தியநாத ஸ்தபதியைத் தலைவராக்கிற்று. பல்லவர் ஒற்றைக் கற்களைக் குடைந்து தேராக்கிய கடற்கரையிலே மீண்டும் உளியோசை எழுந்தது. தந்தைக்குப் பின் 1960களின் தொடக்கத்திலே கணபதி அப்பொறுப்பை ஏற்று, 1988 வரை ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் நடத்தினார். பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்தது; பட்டப் படிப்பும் வந்தது. கல், மரம், சுதை, உலோகம், கோயிற் கட்டடம், மரபோவியம் ஆகியன அங்கே பாடங்களாயின.

வீட்டுக் கல்வி பள்ளிக் கல்வியானபோது எழுந்த சிக்கல்கள் பல. முதலாவது, யார் கற்கலாம் என்பது. ஐந்தொழிலாளர் குடியிற் பிறந்தோர்க்கே உரியது எனக் கருதப்பட்ட கலை, அரசுப் பள்ளியிற் பிறர்க்கும் திறந்துவிடப்பட்டது. மரபைக் காக்க எழுந்த நிறுவனமே மரபின் வேலி ஒன்றைத் தகர்க்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, காலம். பன்னிரண்டு ஆண்டிற் பட்டறையிற் படிந்த பழக்கத்தைச் சில ஆண்டுப் பாடத்திட்டத்துள் அடக்குதல் எங்ஙனம்? உலையின் நிறத்தைத் தேர்வுத்தாளில் எழுத இயலாது. பட்டம் பெற்ற மாணவர் மீண்டும் ஒரு ஸ்தபதியின் கீழ் வேலை பழகவே வேண்டியிருந்தது. மூன்றாவது, நூல். மயமதம், மானசாரம் முதலியன வடமொழியில் உள்ளன. அவற்றின் பொருளோ தமிழறிந்த தொழிலாளரின் கையில் உள்ளது. சொல்லறிந்தார் தொழிலறியார், தொழிலறிந்தார் சொல்லறியார்.

இம்மூன்றாவது குறையை நீக்கவே கணபதி ஸ்தபதி சிற்பச் செந்நூல் என்னும் நூலைத் தமிழில் இயற்றினார். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் அளவு முறைகளையும் உறுப்பமைதிகளையும் படங்களோடு விளக்குகின்றது. குலத்தின் மறைபொருளாக இருந்ததை அச்சிலேற்றி யாவர்க்கும் தருதல் எளிய முடிவன்று. மறைத்துக் காத்தால் குடியோடு அழியும். வெளியிட்டுக் காத்தால் அரைகுறைக் கையிலும் சேரும். இரண்டில் ஒன்றைத் தேரவேண்டிய நிலையில் அவர் பின்னதைத் தேர்ந்தார்.

பெரும்பணிகள்

அவருடைய பணிகளுள் மூன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, 1976ஆம் ஆண்டில் நிறைவெய்திய சென்னை வள்ளுவர் கோட்டம். திருவாரூர்த் தேரை நினைவூட்டும் 128 அடி உயரக் கற்றேரும், 1330 குறட்பாக்களும் பொறித்த மண்டபமும் அதன் சிறப்புகள்.

இரண்டாவது, கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை. 1979ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டும், பணி 1990ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறந்துவைக்கப்பட்டது. பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்களும் முப்பத்தெட்டு. சிலை 95 அடி. பொருட்பாலும் காமத்துப்பாலும் சேர்ந்த அதிகாரங்களும் தொண்ணூற்றைந்து. ஆக உயரம் 133 அடி. நிறை ஏறக்குறைய ஏழாயிரம் தொன். இஃது ஒற்றைக் கல்லன்று. ஆயிரக்கணக்கான கற்களை அடுக்கடுக்காக இணைத்து, உள்ளே வெற்றிடம் விட்டு எழுப்பப்பட்டது. தரையிலே வெவ்வேறு பட்டறைகளிற் செதுக்கிய துண்டுகள் கடல் நடுப் பாறையின்மேல் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஓரடி உயர மாதிரியிலே நூலளவு, அஃதாவது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு, பிழை நேருமாயின், தொண்ணூற்றைந்து அடியில் அது கிட்டத்தட்ட ஓரடிப் பிழையாகிவிடும். அன்றியும் அவர் வள்ளுவரை நேராக நிறுத்தவில்லை. இடையிலே மெல்லிய வளைவு தந்தார். ஏழாயிரம் தொன் கல்லை வளைத்து நிறுத்துகையில் நடுநூல் தவறினால் சிலை நில்லாது. திண்ணையிற் கற்ற நடுநூற் பாடமும் கல்லூரியிற் கற்ற கணிதமும் அங்கே ஒன்றாயின. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை திருக்கோணமலைக் கரையையும் குமரிக் கரையையும் ஒருங்கே தாக்கியது. அன்று அச்சிலை அசையாது நின்றது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அருகிலுள்ள விவேகானந்தர் பாறையோடு அதனை இணைக்கும் கண்ணாடிப் பாலமும் திறக்கப்பட்டது.

மூன்றாவது பணி ஈழத்தோடு தொடர்புடையது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949ஆம் ஆண்டில் தீக்கை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள், ஹவாயித் தீவுக் கூட்டத்தின் கவாயித் தீவிலே இறைவன் கோயிலை எடுக்க எண்ணினார். அதன் வடிவத்தை அமைத்தவர் கணபதி ஸ்தபதி. பொறிகளைத் தவிர்த்துக் கையுளியாலேயே கற்கள் செதுக்கப்படல் வேண்டும் என்பது சுவாமிகளின் உறுதி. 1990 தொட்டுப் பெங்களூருக்கு அருகே செதுக்கிய கற்கள் கப்பலேறிச் சென்றன. 2023ஆம் ஆண்டிலே குடமுழுக்கு நிகழ்ந்தபோது சுவாமிகளும் ஸ்தபதியும் மறைந்துவிட்டனர். ஆயினும் பணி நிற்கவில்லை. வரைந்தவன் மறைந்த பின்னும் கோடு மறையாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மதிப்பீடு

2009ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 2011ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார். அவர் கூறியவற்றையெல்லாம் வரலாற்றறிஞர் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கில்லை. சிற்ப நூலின் முதலாசிரியனாக மரபு போற்றும் மயனையும், நடு அமெரிக்காவின் மாயா மக்களையும் அவர் தொடர்புபடுத்தினார். பெயரொற்றுமையும் கட்டடங்களின் தோற்ற ஒற்றுமையும் அவர் காட்டிய சான்றுகள். அவை மட்டும் வரலாற்றுத் தொடர்பை நிறுவப் போதா; தொல்லியலாளர் அக்கருத்தை ஏற்கவில்லை. கையால் அறிந்தவற்றில் அவருக்கிருந்த உறுதி வேறு. ஆவணத்தால் அறியவேண்டியவற்றில் வேண்டப்படும் எச்சரிக்கை வேறு. மாணவர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் நன்று.

அவருடைய நிலைத்த தொண்டு வேறிடத்தில் உள்ளது. தந்தையிடம் செவியாற் கற்றதைக் கணிதத்தால் தெளிந்து, பள்ளியிற் கற்பித்து, தாய்மொழியில் எழுதிவைத்தார். ஒரு குடும்பத்தின் உடைமையாயிருந்த அறிவு இதனாற் பொதுவுடைமையாயிற்று. 1950ஆம் ஆண்டிற் கோணமலை மண்ணிலிருந்து எழுந்த சோமாஸ்கந்தரைச் செய்தவர் தம் பயிற்சியை எழுதிவைத்திருந்தால், அவர் கற்ற விதம் இன்று விளங்கியிருக்கும். அவர் வழிவந்தோரும் ஈழத்திலே பெருகியிருக்கலாம். எழுதிவைக்காமையால், ஆலயம் புதுப்பிக்கும் ஊர்கள் தமிழகத்துச் சிற்பியரை எதிர்நோக்குவது வழக்கமாயிற்று.

கோணேசர் மலையடியிலும் சல்லிக் கரையிலும் வளரும் இளைஞருள் கணக்கில் விருப்பும் கையில் நுட்பமும் உடையோர் இலர் என்று கூறல் இயலாது. அவர்க்கு வேண்டுவது உளியைக் கூராக்கக் கற்பிக்கும் ஒருவரும், 124 பகுதிகளை மடித்துக் காட்ட ஓர் ஓலை நறுக்குமேயாம். ஓலைக்கு இந்நாட்டிற் பஞ்சமில்லை. ஆசானையும் பள்ளியையும் தேடித் தருதல் கற்றோர் கடனாகும்.